மலையில் நாலு அறை வீடு: மளிகை வியாபாரிக்கு ஒரு பாடம்

நம்மைப் போன்ற மளிகை வியாபாரிகளுக்கு விடுமுறை என்பது அபூர்வம். பொங்கலுக்கு ஒரு நாள், வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாள் என்று கணக்குப் பார்த்தே ஆண்டு ஓடிவிடுகிறது. அப்படியிருக்க, "மலைக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள்" என்று நாம் எழுதினால், இவருக்கு வேறு வேலை இல்லையா என்று சில நண்பர்கள் கேட்கக் கூடும். நாம் சொல்ல வருவது வெறும் உல்லாசப் பயணத்தை அல்ல. ஒரு வியாபாரத்தை உள்ளே இருந்து பார்த்துவிட்டு வருவதை.

நீலகிரி மலையில் நாலைந்து அறைகளை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் படுக்கையும் காலை டிபனும் கொடுத்துப் பிழைக்கும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. ஹோம் ஸ்டே என்றும், காட்டேஜ் என்றும், பெட் அண்ட் பிரேக்பாஸ்ட் என்றும் பெயர் பலவாக இருந்தாலும் தொழில் ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நமக்கு, மலைமேல் இருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் நெடுநாள் வாடிக்கை. அந்தக் கடைகளின் பேரேட்டில் இந்த வீடுகளின் பெயர் ஏறிக்கொண்டே வருவதைப் பார்க்கிறோம். பற்று ஏறுகிற வேகத்தில் வரவு ஏறுவதில்லை. காரணம் என்ன என்பதுதான் இந்தப் பாடம்.

எப்படிப்பட்ட வீடு?

மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய வீடுகளுக்கென்றே பெட் அண்ட் பிரேக்பாஸ்ட் திட்டம் ஒன்றை வகுத்தது. வாடகைக்கு விடும் அறை ஒன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். படுக்கை மொத்தம் 12-க்குள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. வசதியைப் பொறுத்து வெள்ளி, தங்கம் என்று இரண்டு தரம்.

வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறார் என்பதுதான் இதில் முக்கியம். முதலாளி கல்லாவில் உட்காரும் கடைக்கும், ஆள் வைத்து நடத்தும் கடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். வெந்நீர் வரவில்லை என்றால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. சாம்பார் காரம் என்றால் மறுநாள் குறைகிறது.

தங்கப் போகிறவர் முன்கூட்டியே சில விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. அறை வாடகையில் டிபன் சேர்ந்ததா, வெந்நீருக்கும் ஹீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, போக முடியாமல் போனால் முன்பணம் எவ்வளவு திரும்பும், ரசீது கொடுப்பார்களா, உள்ளாட்சி அனுமதியும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் இருக்கிறதா? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் வீட்டில் தங்கலாம். சரக்கும் கடனாகக் கொடுக்கலாம். இரண்டுக்கும் கேள்வி ஒன்றே.

அனுமதியைப் பற்றிக் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. முதுமலை அருகே சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த தங்கும் விடுதிகள் பலவற்றுக்கு 2018-ல் சீல் வைக்க உத்தரவானது. அந்த வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு மூடிய பிறகு நிலுவையை யாரிடம் போய்க் கேட்பது?

காலை டிபனின் கணக்கு

நாலு அறை நிரம்பினால் எட்டுப் பேர். ஆளுக்கு நாலு இட்லி என்றால் 32. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்று போட்டால் 50 இட்லிக்குக் குறையாது. மீதி மாவு மறுநாள் தோசைக்கு ஆகும். ஆக, சரக்குச் செலவு பெரிதல்ல. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது.

மலைக் குளிரில் மாவு புளிக்காது. சமவெளியில் ஓர் இரவில் பொங்கும் மாவு, அங்கே மறுநாள் பகல்வரை அசையாமல் கிடக்கும். அதனால் முதல் நாள் மதியமே அரைத்து, அடுப்பங்கரை ஓரத்தில் துணி சுற்றி வைக்கிறார்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஏறக்குறைய 93 டிகிரியில் கொதி வந்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகக் காத்திருந்தால் கேஸ்தான் தீரும். குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். உப்பும் வெல்லமும் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்பளம் நமுத்துப் போகும்.

இதிலிருந்து மலைக் கடைக்காரர் என்ன கற்கலாம்? இந்த வீடுகளுக்கு மூட்டைக் கணக்கில் சரக்குத் தள்ளக் கூடாது. 25 கிலோ ரவை சிப்பம் கொடுத்தால் பாதி வண்டு பிடித்தோ பூசணம் பூத்தோ போகும். பழி கடைக்காரர் மேல் விழும். வாரம் இரு முறை, இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கொடுப்பதே இருவருக்கும் லாபம். வாய் அகலமான மூடி போட்ட டப்பாக்களையும் சேர்த்து விற்கலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டதால், துணிப் பையிலும் காகித உறையிலும் கட்டிக் கொடுக்கப் பழக வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடித் தொல்லையும் உண்டு. எண்ணெய், சர்க்கரை வாசனைக்குக் கடைக் கதவையே பெயர்த்துவிடும். சரக்கு அறைக்குப் பலமான கதவு வேண்டும்.

பெரிய ஓட்டல்களில் முப்பது வகைப் பலகாரம் பரப்பி வைப்பார்கள். நாலு அறை வீட்டில் இட்லி அல்லது பொங்கல், ஒரு சட்னி, சாம்பார், சூடான நீலகிரித் தேநீர், அவ்வளவே. முதல் நாள் இரவே "நாளைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிடுவதால் எதுவும் வீணாவதில்லை. பெரிய அங்காடிகள் வந்துவிட்டனவே என்று கவலைப்படும் நம் சிறு வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளரைக் கேட்டு, கேட்டதை மட்டும், நயமாகக் கொடுப்பவருக்கு முப்பது வகை தேவையில்லை.

இரண்டாவது இரவை விற்பது எது?

வந்தவர் ஓர் இரவில் கிளம்பிவிட்டால் வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. விரிப்பு துவைக்கிற செலவு, அறை சுத்தம் செய்கிற கூலி எல்லாம் ஓர் இரவுக்கும் அதேதான், இரண்டு இரவுக்கும் அதேதான். அவரை இன்னோர் இரவு நிறுத்துவது சுற்றுப்புறத்தில் பார்க்க வேண்டிய இடங்களே.

குன்னூரை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. 1908-ல் ஊட்டி வரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு. இன்ஜின் பின்னால் இருந்து தள்ள, அதன் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்வி ஏறுகிறது. இந்தியாவில் இத்தகைய பாதை இது ஒன்றே. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊருக்குள் 1874-ல் அமைந்த சிம்ஸ் பூங்கா. அதன் அருகே 1907-ல் தொடங்கி வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்த பாஸ்டியர் நிலையம். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் என்ற பாறை முனைகள். அங்கிருந்து கேத்தரின் அருவியைப் பார்க்கலாம். திப்பு சுல்தான் காலத்தில் காவல் இடமாக இருந்த, இடிந்து கிடக்கும் துருக்கம் கோட்டை மலைக்குத் தேயிலைத் தோட்டத்தின் வழியாக நடந்து போகிறார்கள். போகுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரி பக்கம் போனால் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய வீடு. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த அவர் 1819-ல் மலைக்கு வந்தார். பிறகு ஊட்டியில் அவர் எழுப்பிய கல் வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதே ஊரில் 1848-ல் உருவான தாவரவியல் பூங்காவை அறியாதவர் இல்லை.

இவையெல்லாம் வீட்டுக்காரர் போட்ட முதல் அல்ல. ஆனால் அவற்றைச் சொல்லத் தெரிந்தவருக்கே இரண்டாவது இரவு விற்கிறது. நல்ல வீட்டுக்காரர் டிபன் பரிமாறும்போதே, "பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மூடுபனி இறங்கிவிடும்" என்கிறார். மதியத்துக்குப் புளிசாதப் பொட்டலம் கட்டித் தருகிறார். ஊருக்குத் திரும்புகிறவர் என்ன வாங்குவது என்று கேட்டால், 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரித் தேயிலையையும், 2023-ல் பெற்ற ஊட்டி வர்க்கியையும் சொல்லி, பக்கத்துக் கடையைக் கை காட்டுகிறார். அந்தப் பக்கத்துக் கடைக்காரர் நம் சகோதர வியாபாரி. நல்ல சரக்கை நியாய விலைக்குக் கொடுத்தால், அந்த வீடு அவருக்குச் சம்பளம் வாங்காத விற்பனையாளர்.

365 நாளில் எத்தனை நாள்?

இப்போது பேரேட்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு நாலு அறை வீடு. ஆண்டுக்கு 1,460 அறை-இரவுகள். சீசனில் 60 நாள் முழுதும் நிரம்புகிறது என்று வைப்போம்: 240. மற்ற மாதங்களின் சனி, ஞாயிறுகள் சுமார் 85 நாள். பாதி நிரம்பினால் 170. ஆக 410. நூற்றுக்கு 28 தான் விற்பனை, 72 காலி! வாடகை அதிகம் என்று முணுமுணுக்கும் நாம், அந்த 28 மற்ற 72-ஐயும் சுமக்கிறது என்பதை நினைக்க வேண்டும்.

மலையில் ஏப்ரல் முதல் ஜூன் முதல் வாரம் வரை பெரிய சீசன். செப்டம்பர், அக்டோபரில் சின்ன சீசன். பிறகு வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு வந்தால் சாலையும் ரயிலும் நிற்கும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையும் மண்சரிவும் பல உயிர்களைக் கொண்டுபோனதை மலை மக்கள் மறக்கவில்லை. 2020-ல் மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து அந்த ஆண்டின் பெரிய சீசன் முழுவதுமே போயிற்று. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளுக்கு வரம்பும் வைக்கப்பட்டது. மலையைக் காப்பாற்ற அது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் சீசனை மட்டும் நம்பிக் கடன் கொடுப்பது எத்தனை ஆபத்து என்பதையும் அது காட்டுகிறது.

கடன் கொடுக்கும் முறை

நமக்குத் தெரிந்த மலைக் கடைக்காரர் ஒருவர், 2020 சீசனை எதிர்பார்த்து மூன்று வீடுகளுக்கு முன்கூட்டியே சரக்கு இறக்கியிருந்தார். ஊரடங்கில் ஓர் அறை கூட விற்கவில்லை. கடைக்காரர் சண்டைக்குப் போகவில்லை. பிரிக்காத சிப்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊருக்குள் சில்லறையில் விற்றார். மீதியைச் சிறு தவணைகளாக்கி, அடுத்து வந்த இரண்டு சீசன்களில் வசூலித்தார். முதல் திரும்பியது; மூன்று வாடிக்கையும் நின்றது. அவர் இப்போது கடைப்பிடிக்கும் முறையை நம் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கலாம்:

1. ஒரு வீட்டுக்குக் கடன் வரம்பு இரண்டு வார டிபன் சரக்கின் மதிப்புக்கு மேல் போகக் கூடாது.

2. சீசன் நாட்களில் வாரந்தோறும் திங்கட்கிழமை வசூல். விருந்தாளி பணம் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே வீட்டுக்காரர் கையில் ரொக்கம் இருக்கும்.

3. ஜூன் முதல் வாரத்துக்குள் பழைய நிலுவை நேராக வேண்டும். அதைச் செப்டம்பருக்குத் தள்ளினால் மழைக்காலத்துக்கும் தள்ளும்.

4. காலி மாதங்களில் ரொக்கத்துக்கு மட்டும். அதற்குப் பதிலாக விலையில் சிறிது சலுகை காட்டலாம்.

5. சிட்டையில் ஒவ்வொரு தடவையும் கையெழுத்து. நட்பு வேறு, கணக்கு வேறு.

இந்த ஐந்தும் மலைக்கு மட்டும் சொன்னவை அல்ல. குற்றாலத்துச் சாரல் சீசன், பழனி பாதயாத்திரை, மேல்மருவத்தூர் கூட்டம் என்று சீசனை நம்பி நடக்கும் ஊர் எதுவானாலும், அங்குள்ள மளிகைக் கடைக்கும் பொருந்தும்.

ஆகவே, அடுத்த சின்ன சீசனுக்கு முன்னால், கூட்டம் இல்லாத வாரநாள் ஒன்றில், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு அத்தகைய வீடு ஒன்றில் இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள். அன்று எத்தனை அறை காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். டிபன் மேசையில் இருப்பது யார் கடைச் சரக்கு என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் பேரேட்டைத் திறந்து, எந்தெந்தப் பாக்கி எந்தச் சீசனை நம்பி நிற்கிறது என்று குறித்து வையுங்கள். தங்கிய செலவு அந்த ஒரு குறிப்பிலேயே திரும்பிவிடும்.