கெடு வைப்பவர் யார்? புற்றுநோய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும், டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அடிக்கடி காதில் விழும் நான்கு தீர்ப்புகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: “சதை எடுத்து டெஸ்ட் பண்ணினால் நோய் பரவிவிடும்.”

உண்மை: ஊசி போன தடத்தில் புற்றணு ஒட்டி வளர்வது மிக அரிது. விரைப்புற்று போன்ற சிலவற்றில் அதற்காகவே ஊசி குத்தாமல் அறுவை செய்து எடுக்கிறார்கள். மற்றபடி, பயாப்சி இல்லாவிட்டால் எந்த மருந்து என்றே முடிவு செய்ய முடியாது. மார்பகக் கட்டியின் ரிப்போர்ட்டில் ‘ஹெர்2’ என்ற புரதத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். அதன் எதிரே 3+ என்றிருந்தால் டிராஸ்டுசுமாப் மருந்து பலன் தரும். 0, 1+ என்றால் அந்த மருந்து வீண்செலவு. 2+ என்றால் முடிவு சொல்ல முடியாது. ‘ஃபிஷ்’ என்ற மரபணுப் பரிசோதனையும் தேவைப்படும்.

நம்பிக்கை: “மார்பகப் புற்றுநோய் என்றால் கீமோ போட்டே ஆகவேண்டும்.”

உண்மை: பலருக்குத் தேவை, எல்லோருக்கும் இல்லை. ஹார்மோனால் வளரும், ஹெர்2 இல்லாத, அக்குள் நெறிக்கட்டிக்குப் பரவாத கட்டிகளில் 21 மரபணுக்களை அளந்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடும் சோதனை உண்டு. அதை ஆராய்ந்த ‘டெய்லர்எக்ஸ்’ ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. மதிப்பெண் 11 முதல் 25 வரை இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதுமானதாக இருந்தது. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ள சிலருக்குத்தான் கீமோ கூடுதலாக உதவியது.

நம்பிக்கை: “மாஸ்டர் செக்கப்பில் சிஏ-125 பார்த்தால் சினைப்பைப் புற்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.”

உண்மை: மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் ரத்தத்தில் பார்க்கும் இந்தப் புரத அளவு ஏறும். பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. ஆண்டுதோறும் சோதித்தும் சினைப்பைப் புற்று மரணங்கள் குறையவில்லை. நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்று கவனிக்கத்தான் இது கைகொடுக்கும்.

நம்பிக்கை: “எட்டு மாசம்னு டாக்டர் கெடு வைத்துவிட்டார்.”

உண்மை: டாக்டர் சொல்வது பெரும்பாலும் இடைநிலைக் கணக்கு: நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தார்கள், மீதிப் பாதி அதைத் தாண்டினார்கள். எவ்வளவு தூரம் தாண்டினார்கள் என்பது அந்த ஓர் எண்ணில் தெரியாது. அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று படித்தவர், 1985இல் இந்தக் கணக்கை விளக்கிக் கட்டுரையே எழுதினார். 2002வரை வாழ்ந்தார், இறந்தது வேறொரு புற்றுநோயால். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. ஆனால் வயது, நோயின் நிலை, உடல்தெம்பு, அன்று கிடைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பொறுத்து எண் மாறும். பழைய நோயாளிகளை வைத்துப் போட்ட கணக்கில் புது மருந்துகளின் பலன் சேர்ந்திருக்காது.

ஆகவே “எத்தனை நாள், டாக்டர்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “இந்தக் கணக்கு யாரை வைத்துப் போட்டது? அவர்களைவிட எனக்கு எது சாதகம், எது பாதகம்?” என்றும் கேளுங்கள். அடுத்து எந்தச் சிகிச்சை என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.