‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’

நேர்காணலுக்கு மாணவர்களைத் தயார்செய்வது என்றதும் உடை, ஆங்கிலம், நிமிர்ந்து உட்காருதல் என்பவைதாம் நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கு நேர்காணலை நீக்கிவிட்டது. நம் மாநிலத்தின் குரூப் 4 தேர்விலும் நேர்காணல் இல்லை. ஆனால் பிளஸ் 2 முடித்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கோ புதுச்சேரிக் கடைகளுக்கோ போகும் பிள்ளைக்கு அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் வாசல். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்துக்குப் பிறகு வகுப்பறையில் இதைப் பேச நமக்கு இடமும் கிடைத்திருக்கிறது.

மரக்காணம் உப்பளப் பகுதியில் நான் கண்ட சிக்கல் வேறு. மாதிரி நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பெயர், ஊர், மதிப்பெண் வரை தடையில்லை. “வீட்டில் என்ன தொழில்?” என்றதும் குரல் இறங்கிவிடும். ஒரு மாணவி “பிசினஸ் சார்” என்றாள். “என்ன பிசினஸ்?” என்றேன். பதில் இல்லை. அவள் பெற்றோர் இருவரும் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்கள் என்பது வகுப்புக்கே தெரியும். யாரும் சிரிக்கவில்லை, பாதிப் பேர் அதே பதிலைத்தான் வைத்திருந்தார்கள்.

பொய் சொல்லாதே என்று அறிவுரை கூறிப் பயனில்லை. சொல்வதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். அன்று கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான்: அம்மாவிடமோ அப்பாவிடமோ அவர்கள் வேலையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டு வாருங்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்? எதில் கவனம் தவறினால் நட்டம்? புதிதாக வருபவருக்கு எதை முதலில் கற்றுத்தருவீர்கள்?

மறுநாள் அதே மாணவி சொன்னது: “விடியுமுன்னே இறங்கிடுவாங்க சார், வெயில் ஏறினா பாத்தியில நிக்க முடியாது. தண்ணி இருபத்தஞ்சு டிகிரிக்கு வந்தாத்தான் உப்பு பிடிக்கும். முப்பதைத் தொட விடக்கூடாது, உப்பு கசந்துடும்.”

வேதியியல் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்தேன். அந்த ‘டிகிரி’ வெப்பநிலை அன்று, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு என்று விளக்கினார். கடல்நீர் சுமார் 3 டிகிரியில் இருக்கும். வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும், 25 அளவில் சோற்றுப்பு படியும், எஞ்சிய நீரில் மக்னீசிய உப்புகள் மிகும். கசப்பு அதனால்தான், அந்த நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். பாடநூல் கரைசல் பாடம் அன்றுபோல் என்றும் புரிந்ததில்லை என்பது வேறு கதை.

பிறகு இரண்டு நிமிடப் பதிலை அவளே எழுதினாள். “என் பெற்றோர் உப்பளத் தொழிலாளர்கள். விடுமுறையில் நானும் உதவுவேன். நீரின் அளவைப் பார்த்து முடிவெடுக்க அங்கே கற்றேன்.” இவ்வளவுதான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஆள் எடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விடுமுறையில் உதவியிராத பிள்ளை அந்த வரியை எழுதக் கூடாது. அடுத்த கேள்வியிலேயே அகப்படுவான்.

வேலை கிடைத்ததா என்பீர்கள். முதலில் போன இடத்தில் அந்தப் பதிலை யாரும் காதில் வாங்கவில்லையாம். இரண்டாவது இடத்தில் உப்பைப் பற்றியே நான்கு கேள்விகள் கேட்டார்களாம், எடுத்துக்கொண்டார்கள்.

உடை பற்றி ஒரு வார்த்தை. துவைத்துத் தேய்த்த சட்டை, சுடிதார் போதும். டை கட்டச் சொல்லும் வழிகாட்டிகளை நான் ஒதுக்கிவிடுகிறேன். சித்திரை வெயிலில் டை கட்டியவனைக் கண்டால் எங்கள் ஊர் மாடே மிரளும். தெரியாத கேள்விக்கு “தெரியவில்லை சார், கற்றுக்கொள்கிறேன்” என்று சொல்லும் பயிற்சியைப் பத்து முறையாவது கொடுங்கள். வாய்க்கு அது எளிதில் வருவதில்லை.

சான்றிதழ்களை ஒரு மாதம் முன்பே எடுத்துவரச் சொல்லுங்கள். மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டலும் ஆதாரில் வேறொன்றுமாகப் பெயர் இருப்பது இங்கே சாதாரணம். முன்னெழுத்தும் மாறியிருக்கும். திருத்த நாளாகும், கூலியை விட்டுவிட்டுப் பெற்றோர் அலைய வேண்டும். மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்திருக்கும்போதே, அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதை முடித்துவிடுவது எங்கள் பள்ளியில் இப்போது வழக்கம்.