டிராயிங் போர்டிலிருந்து ஒரு கவிஞர்

இந்தி தலித் கவிஞர் ஓம்பிரகாஷ் வால்மீகி (1950–2013) நம்மைப் போல டிராப்ட்ஸ்மேன் பயிற்சி பெற்றவர். உத்தரப்பிரதேசத்தின் பர்லா கிராமத்தில் துப்புரவுத் தொழில் செய்த சமூகத்தில் பிறந்தார். படிக்கப் போன பையனிடம் துடைப்பத்தைக் கொடுத்து, பள்ளிக்கூடத்தையே பெருக்க வைத்தார்கள்.

பிற்பாடு பயிற்சிக்காக மும்பை அருகே அம்பர்நாத் போனார். அங்கேதான் மராத்தி தலித் இலக்கியம் அவருக்கு அறிமுகமாச்சு.

1981-இல் எழுதிய 'டாக்கூரின் கிணறு' கவிதையில் அலங்காரமே கிடையாது. நாம எஸ்டிமேட் போடுற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, உழைப்பு யாருடையது, சொந்தம் யாருக்கு என்று கணக்குப் பார்க்கிறார். 2023-இல் அதை மாநிலங்களவையில் ஒரு உறுப்பினர் வாசித்தபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. அப்படியானால் கணக்கு இன்னும் நேராகவில்லை என்றுதானே அர்த்தம்?

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். மினி டிராப்டரைத் தொடும்போதெல்லாம் அந்தத் துடைப்பம் ஞாபகம் வருது.