பாடவேளையும் வாக்காளர் பட்டியலும்

கேள்வி: வட சென்னையில் மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணித ஆசிரியையாக இருக்கிறேன். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக என்னை வாக்குச்சாவடி நிலை அலுவலராக நியமித்து, தினமும் மதிய உணவுக்குப் பிறகு வீடு வீடாகச் செல்லும்படி வாய்மொழியாகச் சொன்னார்கள். என் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் இரண்டு நாள்கள் போகவில்லை. ஏழு நாள்களுக்குள் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்துவிட்டது. சிறைத் தண்டனை உண்டு என்றும் சொல்கிறார்கள். இந்தப் பணியை மறுக்க எனக்கு உரிமை இல்லையா?
— ஓர் ஆசிரியை, சென்னை

பதில்: சகோதரி, தங்கள் உள்ளத்தை அலைக்கழிக்கும் சிறைவாசத்தைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம். வாக்காளர் பட்டியல் தயாரிக்க நியமிக்கப்பட்டவர் நியாயமான காரணமின்றிக் கடமையில் தவறினால், மூன்று மாதத்துக்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமலும் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க, 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்பது மெய்தான். ஆயினும், தேர்தல் ஆணையமோ தலைமைத் தேர்தல் அதிகாரியோ ஆணையிட்டு அல்லது அதிகாரமளித்துப் புகார் செய்யப்பட்டாலன்றி எந்த நியாயஸ்தலமும் அக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க இயலாது. 'நியாயமான காரணமின்றி' என்னும் சொற்களும் தங்கள் விஷயத்தில் மிகுந்த முக்கியத்துவம் உடையவை.

இனி, மறுக்க உரிமை உண்டா என்ற கேள்வி. இல்லை என்றே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டியல் தயாரிப்புக்குத் தேவையான ஊழியர்களைக் கேட்டபோது கொடுத்துதவ வேண்டிய கடமையை அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஸ்தல ஸ்தாபனங்கள்மீது சுமத்தியிருக்கிறது. சென்னை மாநகராட்சியும் ஸ்தல ஸ்தாபனமே. நியமனம் ஆனபின், அந்தக் காலத்துக்குத் தாங்கள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர் என்று 13சிசி பிரிவு கூறுவதால், தங்களை விடுவிக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் இல்லை. கல்விக்குப் புறம்பான வேலைகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தலாகாது என்று தடுக்கும் 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவோ, பத்தாண்டுக்கொருமுறை வரும் குடிக்கணக்கையும் பேரிடர் நிவாரணத்தையும் தேர்தல் தொடர்பான கடமைகளையும் விலக்காக விட்டுவைத்திருக்கிறது.

ஆனால் பணியை ஏற்பது வேறு, பாடவேளையைப் பறிகொடுப்பது வேறு. டெல்லியில் எழுந்த செயின்ட் மேரீஸ் பள்ளி வழக்கில் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு புறம் தேர்தல் ஆணையத்தின் அதிகாரத்தையும் மறு புறம் குழந்தைகளின் கல்வி உரிமையையும் வைத்துச் சீர்தூக்கி, ஆசிரியர்களைப் பட்டியல் திருத்தத்துக்கும் தேர்தல் வேலைக்கும் விடுமுறை நாள்களிலும் பாடம் நடக்காத நாள்களிலும் நியமிக்க வேண்டும் என்றும், பாடம் நடக்கும் நாள்களில் பாடவேளையில் சாதாரணமாக அவர்களை அழைத்தலாகாது என்றும், ஆசிரியரல்லாத ஊழியர்களைச் சட்டம் அனுமதிக்குமாயின் எந்நாளும் அழைக்கலாம் என்றும் தெளிவாக வகுத்துரைத்தது. கல்வி உரிமைச் சட்டம் அதற்குப் பின் வந்தது. எனினும் அச்சட்டத்தின் விலக்கு எந்த வேளையில் வேலை வாங்கலாம் என்பதைப் பற்றி ஒன்றும் கூறாமையால், அத்தீர்ப்பு தங்களுக்கு இன்றும் பெருந்துணை என்பது என் அபிப்பிராயம். 'சாதாரணமாக' என்ற சொல்லை மட்டும் மறவாதீர்கள். அசாதாரணமான அவசரம் என்று எதிர்த்தரப்பு வாதிட அதில் இடமிருக்கிறது.

இந்த நகரத்தின் மாநகராட்சிப் பள்ளிகளில், பசியால் குழந்தை வகுப்பை விட்டுப் போய்விடக்கூடாது என்ற எண்ணத்தால், 1920-இலேயே, மாநகராட்சித் தலைவராயிருந்த பிட்டி தியாகராயரின் காலத்தில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் சிற்றுண்டி அளிக்கத் தொடங்கினார்கள். உணவு உண்டு அமர்ந்திருக்கும் குழந்தைக்குப் பிற்பகலில் கணக்குச் சொல்லித்தர ஆளில்லாமற் போவது என் மனத்தைப் பெரிதும் வருத்துகிறது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட வழியில்லாத வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் அல்லவா அவர்கள்?

அக்குழந்தைகளின் பாடவேளையே தங்கள் விளக்கத்துக்கு ஆதாரம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்களும் 1000 போதனை மணிகளும் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை விதிக்கிறது; பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு சொல்லி, தவறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்றும் எச்சரிக்கிறது. ஒரு சட்டத்தின் கடமையைச் செய்ததற்காக மற்றொரு சட்டத்தின்கீழ் தண்டிக்கப்படும் நிலையில் தாங்கள் இருப்பதை நிதானமான மொழியில் எழுதுங்கள். அந்த இரண்டு நாள்களின் கால அட்டவணையையும், மாற்று ஆசிரியர் இல்லை என்ற தலைமையாசிரியரின் சான்றையும் இணையுங்கள். எழுத்தில் தெரிவிக்காமல் போகாதிருந்தது பிழையே. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவியுங்கள். மாலை வேளையிலும் சனி, ஞாயிறுகளிலும் ஒதுக்கப்பட்ட வீடுகள் அனைத்தையும் முடித்துத் தருவதாக உறுதி கூறி, பணி நேரத்தைக் குறிப்பிட்டு எழுத்துமூலமான உத்தரவு தரும்படி வாக்காளர் பதிவு அலுவலரை வேண்டுங்கள். மறுமொழி வரும் வரை சங்கத் தோழர்கள் சொன்னாலும் பணியைப் புறக்கணிக்காதீர்கள்.

அதன் பின்னும் பாடவேளையிலேயே போகும்படி நிர்ப்பந்தித்தால், அரசியல் சாசனத்தின் 226-ஆம் ஷரத்தின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 'அதிகாரியிடம் முதலில் முறையிட்டீர்களா?' என்பதே அங்கே எழக்கூடிய முதற்கேள்வியாதலால், விளக்கத்தையும் விண்ணப்பத்தையும் ஏழு நாள் கெடுவுக்குள் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்துப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள்.