பிள்ளைகளோடு ஒரு பிரயாணம்



தீபாவளி முடிந்ததும் நம்ம பக்கத்தில் பட்டாசு ஆலைகளைப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி திறக்கச் சில வாரம் ஆகும். கையில் போனஸ் இருக்கிறது, பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள், தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசுகிறது. குற்றாலம், கன்னியாகுமரி, கொடைக்கானல். மே மாத லீவிலும் இதே பேச்சுதான்.

எம். புதுப்பட்டியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் சகோதரி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, விசுவாசிகள் டூர் போகலாமா? உலகத்தாரைப் போல ஆயிடாதா?" பக்கத்தில் இருந்த பெரியவர் உடனே, "அந்தக் காசைக் காணிக்கையாப் போடும்மா" என்றார். பெரியவருக்கு மரியாதை உண்டு. ஆனாலும் எனக்கு அதில் சம்மதம் இல்லை. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடின சீஷர்களைப் பார்த்து, தனியாக வந்து கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று ஆண்டவர்தாமே அழைத்தார் (மாற்கு 6:31). காலையில் கம்பெனி வேன் ஏறி, பொழுது சாய மருந்து படிந்த துணியோடு வருகிற தாயின் முகத்தைப் பிள்ளை பகல் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் ஆராதனை, துணி துவைப்பு என்று போய்விடுகிறது. அந்தப் பிள்ளை இரண்டு நாள் தாயின் கையைப் பிடித்து நடந்தால் அதை உலகத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது.

போகலாமா என்பதை விட, எப்படிப் போகிறோம் என்பதுதான் கேள்வி. வேதத்தில் இதற்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன.

எஸ்றா 8-ஆம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு ஏறக்குறைய நாலு மாதப் பிரயாணம். அகாவா நதி ஓரத்தில் மூன்று நாள் தங்கி, தங்களுக்காகவும், பிள்ளைகளுக்காகவும், பொருளுக்காகவும் செவ்வையான வழி கேட்டு உபவாசித்தார்கள். இதை நாம் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். அடுத்த வசனங்களை மட்டும் விட்டுவிடுகிறோம். ஜெபம் முடிந்த கையோடு எஸ்றா வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து, ஆசாரியரில் 12 பேரிடம் ஒப்படைத்தான். எருசலேம் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடியும் நிறுத்துப் பார்த்து, கணக்கை எழுதி வைத்தார்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று நம் ஜனம் சொல்லுகிறதும் இதுதானே.

ஆகவே வேன் வாடகை, சாப்பாடு, தங்குகிற இடம், பிள்ளைகள் கேட்கிற பலூன் முதற்கொண்டு எழுதிப் பாருங்கள். போனஸில் அடங்கினால் போங்கள். அடங்காவிட்டால் ஊரைச் சுருக்குங்கள். ரயிலில் சிவகாசியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி போய்விடலாம். அங்கிருந்து குற்றாலம் பக்கம். வேன் வாடகையோடு பார்த்தால் செலவு எவ்வளவோ குறைவு. டூருக்காக ஆலையில் அட்வான்ஸ் வாங்காதீர்கள். இரண்டு நாள் சந்தோஷத்துக்காக ஒரு வருஷம் அந்த ஆலையை விட்டு அசைய முடியாமல் கட்டுண்டு கிடக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டிக்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது வேகம். ஏசா கூடவே போகலாம் என்று கூப்பிட்டபோது, பிள்ளைகள் இளம் பிள்ளைகள், மந்தையும் கறவையாய் இருக்கிறது, நான் அவர்கள் நடைக்குத் தக்கதாய் மெதுவாக வருகிறேன் என்றான் யாக்கோபு (ஆதியாகமம் 33). நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி, ஒரே பகலில் அஞ்சு இடம் பார்த்து, அடுத்த ராத்திரியே திரும்புகிறார்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்துத் துவண்டு கிடக்கும். டிரைவர் தம்பிக்குக் கண் சொருகும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. வாடகை மிச்சம் என்று அவரைத் தூங்க விடாமல் ஓட்டச் சொல்லுவது நியாயமா?

லூக்கா 2-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பஸ்காவுக்கு வருஷந்தோறும் போகிற குடும்பம் அது. பழகின பாதை, பழகின ஜனங்கள். அப்படியிருந்தும் 12 வயதுப் பிள்ளை எருசலேமிலே தங்கிவிட்டது தெரியாமல் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். கூட்டத்தோடு வருவார் என்று நினைத்துக்கொண்டார்கள். உறவினரிடத்தில் தேடியும் காணாமல் திரும்பி வந்து, மூன்று நாளைக்குப் பின்பு தேவாலயத்தில் கண்டார்கள். யோசேப்பும் மரியாளும் பொறுப்பில்லாதவர்களா? இல்லவே இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்து ஒருவரும் பார்ப்பதில்லை. இரண்டு வேனில் போகிறபோது, "அந்த வேன்ல இருப்பான்னு நெனச்சேன்" என்கிற பேச்சு வருகிறதல்லவா, அதேதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி ஒரு பெரியவரைப் பொறுப்பாக வையுங்கள். தலையை எண்ணினால் போதாது. பெயரைக் கூப்பிட்டுப் பதில் வந்தபிறகு வண்டி நகரட்டும். சின்னப் பிள்ளைகளின் சட்டைப்பையில் போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும்.

இனி நமக்கென்றே உரிய ஒரு விஷயம். சிவகாசிப் பக்கத்து ஆட்கள் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூச்சப்படுகிறோம். ஒரு கிஃப்ட் பாக்ஸைத் துணிக்குள் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறுகிறோம். 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவுப்படி இதற்கு 3 வருஷம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சட்டம் இருக்கட்டும், மருந்தின் குணம் நமக்குத் தெரியாததா? 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ஸ்டேஷன் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரைக்காரர்கள், சமைக்க கேஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் கொண்டு வந்திருந்தார்கள். நாகர்கோவிலில் புனலூர் ரயிலோடு சேர்த்து, நம்முடைய விருதுநகர் வழியாகத்தான் அந்தப் பெட்டி மதுரைக்குப் போனது. சொந்தக்காரர் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு கொண்டு போங்களேன். பட்டாசை விட அவர்களுக்கும் அதுதான் சந்தோஷம்.

குற்றாலம் போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் கலங்கலாக வந்தாலும், சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலும், இரைச்சல் கூடினாலும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். போலீஸார் விசில் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு தலை நனையாமப் போறதா" என்று யாராவது முறுமுறுப்பார்கள், பிள்ளையும் அழும். ரோட்டோரம் சூடாக ஒரு மக்காச்சோளம் வாங்கிக் கொடுங்கள், அழுகை நின்றுவிடும்.