இடது பக்கம் நான்கு அடி

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. மருந்துக் கம்பெனி ஒன்றில் ரெப்பாக இருக்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, சங்கரன்கோவில் என்று 20 வருஷமாக ஸ்பிளெண்டரிலேயே சுற்றுகிறேன். பெரிதாக ஒரு விபத்து கிடையாது. இந்த வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் லைசென்ஸ் எடுத்தேன். போன மாதம் 2020 மாடல் வேகன் ஆர் ஒன்று செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். தனியாக எடுத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. முதல் வாரமே இடது பக்கக் கண்ணாடி மின்கம்பத்தில் பட்டு உடைந்தது. என்னோடு சேர்ந்து கற்ற கல்லூரிப் பையன், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவன், இப்போது வீட்டாரைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய் வருகிறான். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? சொல்ல வெட்கமாக இருக்கிறது, வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோ திடீரென்று குறுக்கே வந்தபோது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. மனைவி முன் சீட்டில் உட்கார மறுக்கிறாள். மகள் "பைக்லயே போயிருவோம்ப்பா" என்கிறாள். காரை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆக்ஸிலேட்டர் விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். கண்ணாடி உடைந்தது பணத்தோடு போகும். இது அப்படிப் போகிற காரியம் இல்லை.

20 வருஷமாக உங்கள் வலது காலுக்கு இருந்தது ஒரே வேலை. பைக்கில் அது பின் பிரேக்கின் மேலேயே நிற்கும். அழுத்தினால் வண்டி நிற்கும். வேகம் கூட்டுவதெல்லாம் மணிக்கட்டின் பொறுப்பு. பயம் வந்தால் மணிக்கட்டைத் தளர்த்து, காலை அழுத்து என்று உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. காரில் அதே கால்தான் ஓட்டவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும். ஓடுகிற நேரத்தில் பாதிக்கு மேல் அது ஆக்ஸிலேட்டர் மேல்தான் கிடக்கிறது. ஆட்டோ குறுக்கே வந்த நொடியில் உங்கள் கால் இத்தனை வருஷமாகச் செய்ததையே செய்தது, இருந்த இடத்திலேயே அழுத்தியது. அந்தக் கல்லூரிப் பையனின் காலுக்கு இப்படி ஒரு பழைய பாடம் கிடையாது. அழிக்க வேண்டியது எதுவும் இல்லாததால் அவனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. இதில் உங்கள் வயதுக்கோ மூளைக்கோ குறை ஒன்றும் இல்லை.

சரிசெய்யும் வழி குதிகாலில் இருக்கிறது. பிரேக் மிதிக்கு நேர் கீழே குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். அது அங்கிருந்து நகரக் கூடாது. பாதத்தின் முன்பகுதி மட்டும் வலப்பக்கம் சாய்ந்து ஆக்ஸிலேட்டரைத் தொடட்டும். ஆக்ஸிலேட்டர் தேவைப்படாத ஒவ்வொரு கணமும் பாதம் பிரேக்குக்கே திரும்பி வந்து, அழுத்தாமல் மேலே காத்திருக்கட்டும். தெருமுனை, பள்ளிக்கூட வாசல், நின்றுகொண்டிருக்கும் பஸ் என்று எதைப் பார்த்தாலும் முதல் காரியம் பாதத்தை பிரேக்குக்குக் கொண்டுவருவதுதான். பல பேர் காலை முழுதாகத் தூக்கித் தூக்கி மாற்றுகிறார்கள். அப்படித் தூக்குகிற கால்தான் அவசரத்தில் தப்பான மிதியில் இறங்குகிறது.

இதற்கு வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே வேண்டாம். வாசலில் எஞ்சினை அணைத்து, ஹாண்ட் பிரேக் போட்டு உட்காருங்கள். பாதம் ஆக்ஸிலேட்டரில் இருக்கட்டும். பக்கத்தில் மகளை உட்காரவைத்து, அவள் நினைத்தபோது கை தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் குனிந்து பார்க்காமல் பிரேக்கை அழுத்த வேண்டும். எஞ்சின் ஓடாததால் மிதி ஒன்றிரண்டு தடவையிலேயே கல் மாதிரி இறுகிவிடும், கவலை வேண்டாம். யோசிக்காமல் கால் போகிற வரைக்கும் இதைச் செய்துவிட்டு, பிறகு ஆளில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இதையே செய்து பாருங்கள். உங்கள் மாடலில் ஏபிஎஸ் உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். பைக்கில் சக்கரம் வழுக்கிவிடுமோ என்று பிரேக்கை விட்டு விட்டுப் பிடிப்போம் அல்லவா, காரில் அது கூடாது. முழு பலத்தோடு மிதித்து, மிதி காலடியில் கடகடவென்று அதிர்ந்தாலும் விடாமல் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருங்கள்.

இன்னொன்று, ரப்பர் செருப்போடு ஓட்டுவதை விட்டுவிடுங்கள். ரெப் வேலைக்கு ஷூ போடுகிறவர்தானே நீங்கள், ஞாயிற்றுக்கிழமையும் போட்டுக்கொள்ளுங்கள். காலடியில் தண்ணீர் பாட்டில் உருளவும் விடாதீர்கள்.

இடது காலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆபத்து குறைவு, செலவு அதிகம். பைக்கில் லேசாக வேகம் குறைத்தாலே இடது கை கிளட்ச்சைப் பிடித்துவிடும். காரில் அந்தப் பழக்கம் இடது காலுக்கு இறங்கிவிடுகிறது. கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சினின் பிடி விட்டுப்போய் வண்டி தன் போக்கில் உருளும். முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகிற கடைசிக் கட்டத்தில்தான் கிளட்ச். ஸ்பிளெண்டரின் கிளட்ச் பல தட்டுகளாக எஞ்சின் ஆயிலிலேயே முங்கிக் கிடப்பது. டிராஃபிக்கில் அரைக் கிளட்ச்சில் ஊர்ந்தாலும் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். காரில் இருப்பது ஒற்றைத் தட்டு, ஆயில் படாத உலர்ந்த தட்டு. அதே அரைக் கிளட்ச்சில் மேட்டில் இரண்டு நிமிஷம் பிடித்து வைத்தால் கருகல் வாடை வரும். கிளட்ச் மிதியின் மேல் காலைச் சும்மா வைத்துக்கொள்வதும் தேய்மானம்தான். கியர் மாற்றியதும் காலை எடுத்து இடப்பக்கத் தரையில் வையுங்கள்.

இனி அந்த மின்கம்பம்.

ஸ்பிளெண்டரின் ஹாண்டில் அகலம் 720 மில்லிமீட்டர். இரண்டரை அடிகூட இல்லை. அதன் நட்டநடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தோள் நுழைந்தால் வண்டி நுழையும். வேகன் ஆரின் அகலம் 1620 மில்லிமீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு அடி. அதில் நீங்கள் நடுவில் இல்லை. வலது ஓரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் மூக்குக்கு நேராக ஒரு கோடு போட்டால் வலப்பக்கம் ஒன்றரை அடி, இடப்பக்கம் நான்கு அடி. பைக்காரருக்கு ரோட்டில் தன் இடம் என்று ஒன்று பழகியிருக்கும், இடது ஓரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி. காரில் ஏறியதும் உடம்பு தன்னை அறியாமல் அந்தப் பழைய இடத்திலேயே போய் உட்காருகிறது. அப்போது காரின் இடப்பாதி எங்கே போகும்? மண்ணில், சாக்கடை மூடியில், உங்கள் விஷயத்தில் மின்கம்பத்தில். ஒரு தடவை அடி வாங்கியவர்கள் பயந்துபோய் வலப்பக்கம் ஏறி எதிர்வண்டியின் பாதையில் போகிறார்கள். அது இதைவிட மோசம்.

டிரைவிங் ஸ்கூலில் இது தெரிந்திருக்காது. பக்கத்தில் இருந்த மாஸ்டரிடமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருந்தது, ஸ்டியரிங்குக்கும் அவர் கை எட்டும். வண்டியை ஒழுங்காகக் கொண்டுபோனது நீங்களா அவரா என்பது பாதி நேரம் உங்களுக்கே தெரிந்திருக்காது. லைசென்ஸ் எடுத்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு வண்டியின் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்கிறது.

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்ட இடங்கள் உங்கள் பக்கம் நிறைய. ஞாயிறு காலையில் அங்கே ஒன்றுக்குப் போங்கள். கல் வரிசைக்கு இடது சக்கரம் ஒரு அடி தள்ளி நிற்கும்படி காரை நிறுத்துங்கள். மனைவி கீழே இறங்கி அளந்து சொல்லட்டும். இப்போது நேராக உட்கார்ந்து முன்னால் பாருங்கள். அந்தக் கல் வரிசை பானெட்டின் ஏதோ ஒரு இடத்தில் முடிவதுபோலத் தெரியும். பெரும்பாலும் பானெட்டின் நடுவை ஒட்டித்தான் இருக்கும், உயரத்துக்கும் சீட்டுக்கும் தகுந்தபடி கொஞ்சம் மாறும். அந்த இடத்துக்கு நேராக, முன் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோடு அந்த ஸ்டிக்கரில் வந்து நின்றால், சக்கரம் கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளி ஓடுகிறது என்று அர்த்தம். சீட்டை நகர்த்தினால் ஸ்டிக்கரும் பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

அதே இடத்தில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, இடது முன்சக்கரத்தை அதன் மேல் ஏற்ற முயலுங்கள். முதலில் பாட்டில் சக்கரத்துக்கு உள்ளேயோ வெளியேயோ தப்பிவிடும். நாலைந்து நாளில் ஒரு நசுங்கல் சத்தம் கேட்கும். அது அடிக்கடி கேட்கத் தொடங்கிவிட்டால் இடப்பக்கம் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

வளைவு வேறு கணக்கு. பைக்கில் உடம்பைச் சாய்த்தாலே பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தை ஒட்டியே வந்துவிடும். வேகன் ஆரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2435 மில்லிமீட்டர், ஸ்பிளெண்டரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். குறுகலான தெருவுக்குள் இடது பக்கம் திரும்புகையில் மூலை வீட்டுப் படிக்கட்டில் உரசுவது பின் கதவுதான். முன்னால் கொஞ்சம் அதிகமாகப் போய், மூலை உங்கள் தோளுக்கு நேராக வந்தபின் ஸ்டியரிங்கை ஒடியுங்கள்.

இடைவெளியில் நுழைகிற புத்தியையும் விட வேண்டும். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் சந்து தெரிந்தால் பைக்காரரின் கண் உடனே "போயிரலாம்" என்று சொல்லும். அந்தக் குரலுக்கு ஆறு அடி அகலம் தெரியாது. சந்தேகம் வந்தால் நின்றுவிடுங்கள், பின்னால் ஹாரன் அடிக்கிறவர் உங்கள் கதவுக்குப் பெயின்ட் அடித்துத் தரப்போவதில்லை. பள்ளத்தைக் கண்டதும் வெட்டி விலகுவதும் அப்படித்தான். 800 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை வெட்டினால் பக்கத்தில் வருகிறவரைத் தள்ளிவிடும். வேகத்தைக் குறைத்து, பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறுவதே மேல்.

வேகத்தையும் உடம்பைக் கேட்டுக் கணிக்காதீர்கள். இத்தனை நாளும் முகத்தில் அடிக்கும் காற்றும் காதில் விழும் இரைச்சலும் உங்களுக்கு வேகம் சொல்லின. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுவிட்டால் அந்த இரண்டும் கிடையாது. நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் 60-இல் போகிறோம் என்று நினைத்திருக்கும்போது முள் 85-ஐத் தொட்டிருக்கும். கொஞ்ச நாளைக்கு மீட்டரைப் பார்த்துப் பழகுங்கள்.

மேட்டில் நின்று எடுப்பதற்கு ஹாண்ட் பிரேக்தான் வழி. பைக்கில் கால் ஊன்றிச் சமாளித்துவிடுவோம், இங்கே ஊன்றக் கால் இல்லை. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் டவுன் பஸ் நின்றுவிட்டது என்று வையுங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, பானெட் லேசாகத் தூக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஹாண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் ஒரு அங்குலமும் போகாது. கிளட்ச் பிடிக்கும் இடத்தை உணர்வதில் அந்தக் கல்லூரிப் பையனைவிட நீங்கள் கெட்டிக்காரராக இருப்பீர்கள். கையில் இருக்கிற ஞானம் காலுக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களிடம் உள்ள, அவனிடம் இல்லாத இன்னொன்றும் உண்டு. பைக்குகள் எங்கிருந்து வரும் என்று உங்களுக்குத் தெரியும். இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டபின்னும் அந்த இடுக்கில் நுழைகிறவர் யார்? போன மாதம் வரை நீங்கள்தான். திரும்புவதற்கு முன் இடது கண்ணாடியைப் பார்த்து, தலையையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கண்ணாடியை இன்னும் மாட்டவில்லை என்றால் அதை மாட்டும்வரை வண்டியை எடுக்காதீர்கள். இறங்கும்போது வலது கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற பைக்கும் கண்ணில் படும்.

இப்போது ஆட்டோமேட்டிக். வேண்டாம் என்பேன், இப்போதைக்கு. ஆட்டோமேட்டிக் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது கிளட்ச்சையும் கியரையும். அவை இரண்டும் உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இடப்பக்கத்து நான்கு அடி அதிலும் நான்கு அடிதான். வலது கால் விஷயத்திலோ அது இன்னும் பொல்லாதது. கியர் வண்டியில் பதறிப்போய் இரண்டு காலையும் சேர்த்து அமுக்கினால், ஆக்ஸிலேட்டரில் கால் இருந்தாலும் கிளட்ச் எஞ்சினைத் துண்டித்துவிடும். எஞ்சின் சும்மா அலறும், அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக்கில் அந்த இரண்டாவது காவல் கிடையாது, வண்டி பாய்ந்துவிடும். கால் முதலில் திருந்தட்டும். பிறகு முட்டிவலி என்றோ, தினமும் நெரிசலில் ஓட்ட வேண்டும் என்றோ வந்தால் தாராளமாக மாற்றுங்கள். லைசென்ஸில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அதுவரை மனைவியை முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். இடப்பக்கத்தைப் பார்க்க அவர்களுக்குத்தான் வசதி. ஒரே நிபந்தனை, "இடது பக்கம் ஒரு முழம் இருக்கு" என்று சொல்லலாம், "பிரேக், பிரேக்" என்று கத்தக் கூடாது.

உடைந்த கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் கேட்க வேண்டாம். உங்கள் வண்டிக்குக் கட்டாயக் கழிவே 1000 ரூபாய், மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் கைக்கு வராது. பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது. ஒரு வருஷம் எதுவும் கேட்காமல் இருந்தால் அடுத்த வருஷம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். ஆனால் பாலிசி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கி ஒரு மாதம் ஆகிறது என்கிறீர்கள்.