வேனில் கேஸ் அடுப்பும் கணப்பும்: தம்பதியர் அறிய வேண்டிய பாதுகாப்புப் பாடம்



மார்கழி பிறந்துவிட்டால் நம் மாவட்டத்தில் யாத்திரைக் காலம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருவோர் பலர் முதல் நாள் இரவே வேனில் வந்து, கொள்ளிடக் கரையிலோ சாலையோரத்திலோ வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துக்கொள்கிறார்கள். வேன் ஒரு சின்ன வீடாகிவிடுகிறது. ஆனால் வீட்டுக்கு இருக்கும் கூரை ஓட்டையும் ஜன்னலும் வேனுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு கிராமத்து வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

கணவர்: வாங்க சிஸ்டர். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போறோம். அப்படியே பழனி, கொடைக்கானல்னு நாலு நாள். வேன்லயே படுத்துக்கலாம்னு ஏற்பாடு. வீட்டு சிலிண்டரையும் ஒரு கேஸ் ஹீட்டரையும் எடுத்துக்கிறோம்.

மனைவி: எனக்கு அஞ்சு மாசம், குளிர் ஒத்துக்காதுன்னு இவங்கதான் வாங்கிட்டு வந்தாங்க. எனக்கென்னவோ பயமா இருக்கு சிஸ்டர்.

செவிலியர்: குளிருக்குன்னு வாங்கினது அக்கறைதான். ஆனா ராத்திரி கண்ணாடியை எல்லாம் மூடிட்டு, அதைப் பத்தவச்சுத் தூங்கினீங்கன்னா, உங்க ரெண்டு பேர் உசுரோட வயித்துல இருக்கிற உசுருக்கும் சேர்த்து ஆபத்து.

கணவர்: கேஸ் கசிஞ்சா வாடை வருமே சிஸ்டர்?

செவிலியர்: கசிஞ்சா வாடை வரும். ஆனா எரியும்போது உண்டாகிற நச்சுக் காத்துக்கு வாடையே கிடையாது. தூங்கறவங்களை எழுப்பாது.

நடந்த சம்பவங்கள்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள் விதியை மீறிப் பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். தீயும் இல்லை, காயமும் இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம்.

முதல் விபத்து தீயால். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத காற்றால். இரண்டையும் தெரிந்துகொள்வோம்.

ஆபத்து ஒன்று: கசியும் கேஸ்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர்போலத் தரையில் தேங்கும். வேனில் பாய் விரித்துப் படுப்பதும் அந்தத் தரையில்தான். ஒரு தீக்குச்சியோ, ஒரு சுவிட்சின் பொறியோ போதும். கேஸுக்கு இயற்கையில் வாடை இல்லை. கசிவு தெரியட்டும் என்றே வாடை சேர்க்கிறார்கள். அந்த வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம்.

ஆபத்து இரண்டு: கார்பன் மோனாக்சைடு

எந்த அடுப்பும் எரியக் காற்று வேண்டும். மூடிய இடத்தில் காற்று குறைந்தால் கேஸ் சரியாக எரியாமல் இந்த நச்சு வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கைகால் தளர்ச்சி, பிறகு மயக்கம். வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் "சாப்பாடு ஒத்துக்கல" என்று படுத்துவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க: இந்த வாயு நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். தாயின் இரத்தத்திலிருந்து நீங்கிய பிறகும் குழந்தையின் இரத்தத்தில் அதிக நேரம் தங்கும். ஆகவே "எனக்கு இப்ப சரியாயிடுச்சு" என்று இருந்துவிடக் கூடாது.

கரியடுப்பும், பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணி போடும் தணலும் இதே நச்சைத் தருபவைதான். மூடிய அறையில் தணலை வைத்துத் தூங்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

1. சமையல் வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் நடக்கட்டும்.
2. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போடுங்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகவே கூடாது.
3. சிலிண்டர் கழுத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். சி-27 என்றால் 2027 செப்டம்பருக்குள் சோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்ததை வாங்காதீர்கள்.
4. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.
5. கசிவைச் சோப்பு நுரையால் சோதியுங்கள். நுரை குமிழ்விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே வேண்டாம்.
6. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ, பர்னரில் தூசி, சிலந்திக்கூடு அடைத்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
7. கேரவனில் பொருத்திய ஹீட்டர் என்றால், புகைக்குழாய் வெளியே போகிறதா, அடைப்பில்லையா என்று ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். தரையருகேயும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்காதீர்கள்.
8. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை வண்டிக்குள் கொளுத்தாதீர்கள். குளிருக்குக் கம்பளியும், சுடுநீர்ப் பையும், காதுக்குத் துணியும் போதும்.

ஆபத்து நேர்ந்தால்

கேஸ் வாடை வந்தால்: ரெகுலேட்டரை மூடுங்கள். கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள். சுவிட்ச், சாவி எதையும் தொடாதீர்கள். விலகி நின்று 1906-க்குப் பேசுங்கள்.

மயக்கம், தலைவலி வந்தால்: முதலில் கதவுகளைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். கர்ப்பிணி இருந்தால், அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். பிராணவாயு கொடுப்பதே முக்கிய சிகிச்சை.

பேச்சின் முடிவு

கணவர்: அப்ப ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துடறேன் சிஸ்டர். ஸ்ரீரங்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கிறோம்.

மனைவி: கொடைக்கானல் அடுத்த வருஷம் போகலாங்க. பிள்ளையையும் தூக்கிட்டுப் போவோம்.

உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

1. கேஸ் கசிந்தால் மேலே போகுமா, கீழே தங்குமா?
2. எந்த நச்சுக் காற்றுக்கு வாடை இல்லை?
3. நம் வீட்டு சிலிண்டரின் எழுத்தும் எண்ணும் என்ன?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாவிட்டால், கணவனும் மனைவியும் இன்றே சேர்ந்து போய்ப் பாருங்கள்.

காற்றோட்டம் இருந்தால் கவலை இல்லை!